மணலைக் கொடுத்தவன் யார்?



கல்லின் மேல் வீடு கட்டியவனையும் மணலின் மேல் வீடு கட்டியவனையும் பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமையை அறியாத கிறிஸ்தவர் இரார். மழையும் வெள்ளமும் காற்றும் இரண்டு வீடுகளையும் ஒரேவிதமாகத்தான் தாக்கின. ஒன்று நின்றது; மற்றது விழுந்தது. ஆண்டவரின் வார்த்தையைக் கேட்டு அதன்படி நடப்பவன் அறிவாளி, கேட்டும் நடவாதவன் மதியீனன் என்பது அதன் கருத்து. அதில் நமக்கு ஐயமில்லை.

ஆயினும், இறம்பொடையில் ஒரு லயத்துக் காம்பராவில் இருந்துகொண்டு இவ்வுவமையைக் கேட்பவனுக்கு ஒரு கேள்வி எழாமல் இராது. உவமையில் வரும் இருவரும் தாங்கள் கட்டப்போகும் நிலத்தைத் தாங்களே தெரிந்துகொண்டவர்கள். லயத்தில் பிறந்தவனிடம் கல்லா மணலா என்று எவரும் கேட்டதில்லை. அவனுடைய பூட்டன் காலத்தில் துரை கைநீட்டிக் காட்டிய சரிவிலே லயம் எழும்பியது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவும் முன்னால் ஒரு இஸ்தோப்புமாக அதிலேயே நான்கு தலைமுறை பிறந்து வளர்ந்திருக்கிறது. அந்தச் சரிவு ஒருநாள் இறங்கி வந்தால், மதியீனன் என்ற பெயர் யாருக்கு? உள்ளே இருந்தவனுக்கா, அங்கே இருத்தியவனுக்கா, அபாயம் என்று தெரிந்தும் பேசாதிருந்தவனுக்கா?

இவ்வாரம் நாம் சேர்ந்து சிந்திக்க விரும்புவது இதுதான்: ஆபத்து எங்கே இருக்கிறது என்பது அறியப்பட்ட பின், அங்கே நேரும் சாவுக்கு யார் பொறுப்பு?

கரையோரம் கற்ற பாடம்

முதலில் மலையைவிட்டுக் கடற்கரைக்குச் செல்வோம். 1978-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை அப்பகுதி மக்கள் இன்றும் மறக்கவில்லை. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான வீடுகள் இடிந்தோ சேதமடைந்தோ போயின. கோவில், பாடசாலை, வைத்தியசாலை என்ற வேற்றுமை அந்தக் காற்றுக்கு இருக்கவில்லை.

அந்த அழிவிலிருந்து இந்நாடு ஒரு நல்ல காரியத்தைக் கற்றுக்கொண்டது. பலத்த காற்றைத் தாங்கும் கட்டடங்களை எப்படி அமைப்பது என்ற கைந்நூல் ஒன்று 1980-இல் வெளியாயிற்று. அதிலே இலங்கை மூன்று காற்று வலயங்களாகப் பிரிக்கப்பட்டது. கிழக்கு, வடகிழக்குக் கரையோரம் முதலாம் வலயம். அதையடுத்து உட்புறமாக இரண்டாம் வலயம். மலைநாடும் மேற்கும் தெற்கும் அடங்கிய எஞ்சிய பகுதி மூன்றாம் வலயம். சாதாரணக் கட்டடம் தாங்க வேண்டிய காற்றின் வேகம் முதலாம் வலயத்தில் செக்கனுக்கு 49 மீற்றர், இரண்டாவதில் 43 மீற்றர், மூன்றாவதில் 33 மீற்றர் என வகுக்கப்பட்டது.

49-க்கும் 33-க்கும் இடையே பெரிய வேறுபாடில்லை என்று எண்ணிவிட வேண்டாம். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். ஆகையால் வேகம் ஒன்றரை மடங்காகும்போது விசை இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. மட்டக்களப்பு வீட்டுக் கூரை, நுவரெலியா வீட்டுக் கூரையைவிட இரண்டு மடங்குக்கு மேல் உறுதியாகப் பிணைக்கப்பட வேண்டும் என்பதே இந்த இலக்கங்களின் பொருள்.

காற்று கூரையைக் கீழே அமுக்கி உடைக்கிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலும் அது கூரையை மேலே உறிஞ்சித் தூக்குகிறது. தாழ்வாரத்தின் ஓரத்திலும் கூரையின் மூலைகளிலும் இந்த இழுப்பு மிக அதிகம். எனவே தகரம் சலாகையோடும், சலாகை கைமரத்தோடும், கைமரம் வளையோடும், வளை சுவரோடும், சுவர் அத்திவாரத்தோடும் விடாமல் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி பலவீனமானால் மற்றக் கண்ணிகள் எவ்வளவு உறுதியாயிருந்தும் பயனில்லை. நம் லயங்களில் தகரம் பறக்காதிருக்கக் கல்லையும் பழைய டயரையும் ஏற்றி வைக்கிறோமே, அது ஏழையின் கட்டட விதி. ஆனால் பெருங்காற்றில் அந்தக் கல்லே அடுத்த வீட்டார் தலைமேல் விழும் ஆயுதமாகலாம்.

அக்கைந்நூலிலே இன்னுமொரு நுட்பம் உண்டு. அனர்த்தத்தின் பின் மக்களுக்குத் துணைநிற்க வேண்டிய வைத்தியசாலை போன்ற கட்டடங்கள் மற்றவற்றைவிட அதிக வேகத்தைத் தாங்க வேண்டும். முதலாம் வலயத்தில் 53.5 மீற்றர், மூன்றாம் வலயத்தில் 38 மீற்றர். பிறருக்கு அடைக்கலமாக வேண்டியது முதலில் விழக்கூடாது என்ற எண்ணம் இதிலே இருக்கிறது. பொறியியலாளரின் கணக்குக்குள்ளும் அறநெறி குடியிருக்கக் கூடும் என்பதற்கு இது சான்று.

ஒரு வரைபடம் ஒரு கேள்விக்கே விடை

இனி மலைக்குத் திரும்புவோம். காற்று வரைபடத்தில் நம் மலைநாடு மிகவும் பத்திரமான வலயம். அது பொய்யுமல்ல. ஆனால் அந்த வரைபடம் காற்றைப் பற்றி மாத்திரமே பேசியது. கரையோரத்துக்குக் காற்றாக வரும் சூறாவளி, மலைக்கு மழையாக வருகிறது.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி இதை நமக்குக் கொடுமையாகக் கற்பித்தது. 28-ஆம் திகதி அது கிழக்குக் கரையில் புகுந்தபோது, அதன் காற்று 1978-ஆம் ஆண்டின் காற்றைவிட மிகவும் பலம் குறைந்தது. மாண்டவர்களோ அறுநூறுக்கும் மேற்பட்டோர். அவர்களுட் பெரும் பகுதியினர் கண்டி, நுவரெலியா, பதுளை முதலிய மலை மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள்; பலரைக் கொன்றது மண்சரிவு. கம்பளையிலிருந்து இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதி பல இடங்களில் மண்ணால் அடைபட்டது. வளைவுக்கு வளைவு பயணிகள் நின்று நீர்வீழ்ச்சியைப் பார்த்து மகிழும் அதே மலைகள்தாம்.

அந்த 30-ஆம் திகதி திருவருகைக் காலத்தின் முதலாம் ஞாயிறு. அன்று திருப்பலியில் வாசிக்கப்பட்ட நற்செய்தி நோவாவின் நாட்களையும் வெள்ளத்தையும் பற்றியது. மண்ணுக்குள் உறவினரைத் தேடிக்கொண்டிருந்த எத்தனையோ பேர் அன்று கோவிலுக்கு வர முடியவில்லை. வந்தவர்கள் அந்த வாசகத்தை எந்த மனதோடு கேட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

மண்சரிவுக்கும் தனி வரைபடம் உண்டு. 1984-இல் தொடங்கப்பட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், 1990-ஆம் ஆண்டுமுதல் மலைச்சரிவுகளை அளந்து, எந்த இடம் எவ்வளவு அபாயமானது என்று வரைந்து வருகிறது. தொடக்கத்திலேயே அளக்கப்பட்டவை பதுளை, நுவரெலியா மாவட்டங்கள். சரிவின் செங்குத்து, பாறையின் மேல் இருக்கும் மண்ணின் தடிப்பு, நீர் ஓடும் வழி, நிலம் பயன்படுத்தப்படும் விதம் ஆகியவற்றை அது கணக்கிலெடுக்கிறது. மழைக்கும் அளவு வகுத்திருக்கிறார்கள்: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும், 100 மில்லிமீற்றரானால் ஆயத்தமாக வேண்டும், 150 மில்லிமீற்றரானால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினால், வெளியேறிவிட வேண்டும். அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டடம் எழுப்புமுன் அந்நிறுவனத்தின் அறிக்கையைப் பெற வேண்டுமென்று 2011-இல் சுற்றறிக்கையும் வந்தது.

ஆகவே, 'தெரியாது' என்று சொல்லும் காலம் போய்விட்டது. தெரிந்துகொண்ட பின் என்ன செய்தோம் என்பதே இப்போதுள்ள கேள்வி.

அறிந்தும் நடந்தது

இதற்கு மீரியபெத்தையே சாட்சி. கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள அத்தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29-ஆம் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அவ்விடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று 2005-இலும் 2011-இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. முதல் எச்சரிக்கைக்கும் சரிவுக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள். ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, முதல் நன்மை வாங்கும் வயதுக்கு வருவதற்குப் போதுமான காலம். தப்பியவர்களுட் பலர் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் ஈராண்டளவு காத்திருந்த பின்பே, 2016-இல், புதிய வீடுகளுக்குப் போனார்கள்.

இதைக் கேட்டதும் சிலர், 'சொன்னபோதே போயிருக்கலாமே' என்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்ல விரும்பும் விடை என்னுடையதன்று. மழை ஓய்ந்த ஒரு நாளில் இறம்பொடைப் பக்கத்து லயமொன்றுக்குச் சென்றிருந்தேன். லயத்துக்கு மேலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவில், நிலம் ஒரு விரல் அகலத்துக்கு வெடித்திருந்தது. கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஒரு மூதாட்டி அந்த வெடிப்பைக் காட்டிச் சொன்னார்:

"மாஸ்டர், மேப்புல எங்க லயம் செவப்பாம். சரி, இருக்கட்டும். செவப்பில்லாத எடம் ஒண்ண எங்களுக்குன்னு அந்த மேப்புல யாராச்சும் கீறி வச்சிருக்காங்களா?"

நான் பேசாதிருந்தேன். அவரே தொடர்ந்தார்:

"மழைக்கு ஸ்கூலுக்குப் போகச் சொன்னாங்க, போனோம். மழ விட்டதும் புள்ளைங்க படிக்கணும், எடத்த விடுங்கன்னாங்க, வந்துட்டோம். மலயும் அப்படியே இருக்கு, வெடிப்பும் அப்படியே இருக்கு. மழ மட்டுந்தான் போயிருக்கு."

வாசகரே, எச்சரிக்கை என்பதன் பொருளை இதைவிடத் தெளிவாக எந்த நூலிலும் நான் கற்றதில்லை. போவதற்கு இடமில்லாதவனிடம் 'போ' என்று சொல்வது எச்சரிக்கை ஆகுமா? அது சொன்னவனின் மனச்சாட்சிக்கு மட்டும் சமாதானம் தரும் ஒரு சடங்கு. அந்த ஞாயிற்றுக்கிழமை நற்செய்தியில் வந்த நோவாவையே நினைத்துப் பாருங்கள். வெள்ளம் வருகிறது என்று மட்டும் சொல்லி இறைவன் அவரைக் கைவிடவில்லை. பேழையின் நீளம் 300 முழம், அகலம் 50 முழம், உயரம் 30 முழம் என்று அளவும் கொடுத்தார். எந்த மரத்தால் கட்டுவது, எதைப் பூசுவது என்றும் சொன்னார். எச்சரிக்கையும் அடைக்கலமும் ஒன்றாகவே வந்தன.

இதன் பயனை நம் காலத்திலும் கண்டிருக்கிறோம். இந்தியாவின் ஒரிசாக் கரையில் 1999 ஒக்டோபரில் வீசிய பெருஞ்சூறாவளியில் பத்தாயிரத்துக்குக் கிட்ட மக்கள் மாண்டனர். 2013-இல் பைலின் சூறாவளி அதே கரையைத் தாக்கியபோது மாண்டவர்கள் சில பத்துப் பேரே. இடைப்பட்ட காலத்தில் காற்று இரக்கம் கற்றுக்கொள்ளவில்லை. ஓடி ஒதுங்குவதற்கு உறுதியான அடைக்கல மண்டபங்கள் எழும்பியிருந்தன. ஏறக்குறைய பத்து இலட்சம் மக்கள் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டார்கள்.

கடவுளின் செயலா?

ஒவ்வொரு அனர்த்தத்தின் பின்னும், 'எல்லாம் கடவுள் சித்தம்' என்று சொல்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மனம் உடைந்தவர் தம் துயரத்தில் அப்படிச் சொன்னால் அது விசுவாசத்தின் குரல்; அதை மதிப்போம். ஆனால் பொறுப்புள்ளவர் அதைச் சொன்னால், அது இறைவன் மேல் சுமத்தும் பொய்க் குற்றச்சாட்டு.

சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்ற எண்ணத்தை இயேசு மறுத்துரைத்தார். விழுந்த கோபுரம் மாண்டவரின் பாவத்துக்குச் சாட்சியன்று. 1755-ஆம் ஆண்டு சகல பரிசுத்தவான்களின் திருநாளன்று லிஸ்பன் நகரம் பூமியதிர்ச்சியில் இடிந்தபோது, கோவில்களில் கூடியிருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். இறைவனின் நீதியைப் பற்றி ஐரோப்பாவே விவாதித்தது. அப்போது ரூசோ, வோல்தேருக்கு எழுதிய கடிதத்தில் எளிய உண்மையொன்றைச் சுட்டிக்காட்டினார்: அத்தனை ஆயிரம் உயரமான வீடுகளை அங்கே நெருக்கிக் கட்டியது இயற்கையன்று. ரூசோவின் எல்லாக் கருத்தும் நமக்கு ஏற்புடையதன்று. இக்கருத்து ஏற்புடையதே.

கட்டட விதி என்பது இக்காலப் பொறியியலாளர் கண்டுபிடித்ததென்று நினைக்கிறோம். இணைச் சட்ட நூலின் 22-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். புது வீடு கட்டுகிறவன் மேல்மாடித் தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாவிட்டால், ஒருவன் அங்கிருந்து விழும்போது அந்த இரத்தப்பழி அவ்வீட்டின் மேல் வரும் என்பது அங்குள்ள கட்டளை. விழுந்தவன் கவனமாக இருந்திருக்கலாமே என்ற பேச்சு அங்கே இல்லை. பழி கட்டியவன் மேலேயே வைக்கப்படுகிறது. விழக்கூடும் என்று அறியத்தக்க இடத்தில் சுவர் எழுப்பாமல் விடுவதே குற்றம்.

'மலை சரியும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா? வரைபடத்தில் சிவப்பாக இருக்கும் எத்தனையோ லயங்கள் நூறு வருடமாக அப்படியே நிற்கின்றனவே' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வரைபடம் நாளையும் மணியும் சொல்வதில்லை. சரியக்கூடும் என்றுதான் சொல்கிறது. இதற்குத் திருச்சபையின் ஒழுக்க இறையியலில் ஒரு பழைய உதாரணம் உண்டு. வேட்டைக்காரன் ஒருவன் புதருக்குள் ஏதோ அசைவதைக் காண்கிறான். அது மானா மனிதனா என்று அவனுக்கு நிச்சயமில்லை. சுடலாமா? சுடக்கூடாது. மனித உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் சந்தேகத்தின் பலன் உயிரின் பக்கமே சேர வேண்டும். நிச்சயமில்லை என்பது சுடுவதற்கு அனுமதியன்று, பொறுப்பதற்குக் காரணம். அவ்வாறே, சரிவது நிச்சயமில்லை என்பது பிள்ளைகளை அங்கே தூங்கவைப்பதற்கு அனுமதி ஆகாது.

உரிமையாளர் யார்?

இங்கே நம் மலையகத்துக்கே உரிய சிக்கலொன்று குறுக்கிடுகிறது. கட்டட விதிகளெல்லாம் 'உரிமையாளர்' என்ற ஒருவரை நோக்கிப் பேசுகின்றன. உரிமையாளர் அறிக்கை பெற வேண்டும், அனுமதி பெற வேண்டும், கடன் வாங்கி வீட்டைப் பலப்படுத்த வேண்டும். லயத்தில் உரிமையாளர் யார்? தோட்டங்களைக் கட்டியெழுப்பிய கம்பனிகள் போயின. 1972-இலும் 1975-இலும் காணிச் சீர்திருத்தத்தின் மூலம் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992-இல் நிருவாகம் மறுபடி கம்பனிகளிடம் சென்றது, நிலம் குத்தகையானது. இத்தனை கை மாறியும் காம்பராவுக்குள் இருக்கும் குடும்பத்தின் கைக்கு ஓர் உறுதிப் பத்திரம் வரவில்லை. அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் வழங்கும் திட்டங்கள் வந்தன. இந்திய உதவியோடும் வீடுகள் எழும்பின. அவை நன்றியோடு சொல்லத்தக்கவை. ஆனாலும் லயத்தில் வாழ்வோர் இன்னும் பல்லாயிரம்.

இதன் விளைவைப் பாருங்கள். அபாயம் அறிவிக்கப்படும்போது அது குடியிருப்பவனுக்கு அறிவிக்கப்படுகிறது. பரிகாரம் செய்யும் அதிகாரமோ வேறொருவரிடம் இருக்கிறது. அரசு கம்பனியைக் காட்டும். கம்பனி அரசைக் காட்டும். இருவரும் 'சொன்னோம், அவர்கள் போகவில்லை' என்று தொழிலாளியைக் காட்டுவார்கள். ஆபேல் எங்கே என்று கேட்கப்பட்டபோது, தன் சகோதரனுக்குத் தான் காவலாளியா என்று காயீன் எதிர்க்கேள்வி போட்டான். அக்கேள்வி இன்று கோவைகளுக்குள் கடிதங்களாக உலாவுகிறது.

எனவே என் முடிவை வெளிப்படையாகவே சொல்கிறேன். பொறுப்பு, அறிவும் அதிகாரமும் எங்கே கூடியிருக்கின்றனவோ அங்கே அதிகமாகக் கூடுகிறது. மலையைப் பற்றிய அறிக்கை யார் மேசையில் இருக்கிறதோ, மாற்று நிலத்தை அளந்து கொடுக்கும் பேனா யார் கையில் இருக்கிறதோ, முதற்பழி அவர் மேல். காம்பராவுக்குள் இருப்பவனின் பங்கு சிறியது. ஏனெனில் அவனுடைய தெரிவு சிறியது.

ஆயினும் ஒரு எச்சரிக்கை வேண்டும். வரைபடத்தை வைத்து அநீதியும் செய்யலாம். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின், தெற்கே 100 மீற்றரும் வடக்கு கிழக்கில் 200 மீற்றரும் கடலோரத்தில் வீடு கட்டக்கூடாதென்று எல்லை வகுக்கப்பட்டது. தொழிலுக்குக் கடலருகே இருக்க வேண்டிய மீனவன் உள்ளே துரத்தப்படுகிறான், உல்லாச விடுதிகளோ கரையில் நிற்கின்றன என்ற முறைப்பாடு எழுந்தது. பின்னர் அந்த எல்லை தளர்த்தப்பட்டது. பாதுகாப்பு என்ற பெயரில் ஏழையை அப்புறப்படுத்திவிட்டு அதே நிலத்தைப் பணக்காரனுக்குக் கொடுப்பது பாதுகாப்பாகாது. பாப்பரசர் பிரான்சிஸ் 2015-இல் எழுதிய சுற்றுமடலில், ஆபத்தான குடியிருப்புகளிலிருந்து ஏழைகளை மாற்றவேண்டி வந்தால், முன்கூட்டியே போதிய விளக்கம் கொடுத்து, தகுந்த மாற்று வீடுகளைக் காட்டி, அம்மக்களையும் கலந்துகொண்டே செய்ய வேண்டும் என்று கற்பிக்கிறார். வேலைத்தலத்திலிருந்து எவ்வளவு தூரம், பிள்ளைகளுக்குப் பாடசாலை எங்கே, தண்ணீர்ப் பீலி எங்கே என்ற கேள்விகளுக்கு விடையில்லாத மாற்றிடம் மாற்றிடமன்று.

நமது பங்கு

பிறரைக் குறை சொல்லி முடித்துவிட்டால் இக்கட்டுரை பாதிதான். நம்மை நாமே கேட்க வேண்டியவையும் உண்டு.

நமது ஆலயம், மண்டபம், பாலர் பாடசாலை ஆகியவை எந்தச் சரிவில் நிற்கின்றன? கடைசியாக மண்டபம் கட்டியபோது மணிக்கூண்டின் உயரத்தைப் பற்றிப் பேசிய அளவுக்கு மலையைப் பற்றிப் பேசினோமா? மழைக்காலத்தில் மக்கள் ஓடி வருவது கோவிலுக்குத்தான். வைத்தியசாலைக்கு அதிக வேகத்தை வகுத்த அந்தக் கைந்நூலின் நியாயம் கோவிலுக்கும் பொருந்தும்: அடைக்கலமாக வேண்டியது முதலில் விழக்கூடாது. பங்குச் சபையின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுத்தால் போதும். ஒரு கடிதத்தோடு வேலை தொடங்கிவிடும்.

நம் கையாலேயே செய்யும் பிழைகளும் உள்ளன. பிள்ளைகள் வளர்ந்ததும் பின்புறத்து மண்மேட்டை வெட்டி ஒரு குசினி இறக்குகிறோம். இடமில்லாத குறையால் செய்வதுதான். என்றாலும் சரிவின் அடிக்காலை வெட்டுவது அதன் முட்டுக்கட்டையை எடுப்பதற்குச் சமம். மழைநீரை வழிமாற்றிவிடும் கானை மண்ணும் குப்பையும் அடைத்துக் கிடக்கின்றன. பாறைக்கும் மண்ணுக்கும் இடையே நீர் தேங்கி மண்ணின் பிடியை விடுவிப்பதே சரிவு. முற்காலத்தில் தோட்டங்களில் கான் வெட்டுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். அந்த வேலை குறைந்த இடங்களில் மலை அந்தக் கணக்கைக் குறித்து வைத்திருக்கிறது.

மலை பேசாமல் சரிவது குறைவு. நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு. கதவு, ஜன்னல் திடீரென்று இறுகிப்போதல். மரமும் மின்கம்பமும் சாய்தல். தெளிந்த ஊற்று கலங்குதல், ஓடிய ஊற்று நின்றுபோதல், இல்லாத இடத்தில் புதிய ஊற்றுக் கிளம்புதல் ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றைக் கண்டால் கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். மழையும் சேர்ந்தால் இரவென்று பாராமல் வெளியேறுங்கள். மறைக்கல்வி வகுப்பில் பத்துக் கட்டளைகளோடு இவற்றையும் சொல்லிக்கொடுத்தால் குறைவில்லை; கொலை செய்யாதிருப்பதைப் பற்றிய கட்டளையின் கீழ் இதுவும் அடங்கும். வெறும் போத்தலொன்றை வெளியில் வைத்து மழையை அளக்கப் பழகிய ஒரு சிறுவன், ஒரு லயத்தையே காப்பாற்றக்கூடும்.

படித்து வேலைக்குப் போன நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. வரைபடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் நீங்கள். பிரதேச செயலகத்துக்குச் சென்று உங்கள் தோட்டம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். மாற்று நிலம் எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கொழும்பிலிருந்து பணம் அனுப்புவது நல்லது. அவர்கள் சார்பில் ஒரு விண்ணப்பம் எழுதுவது அதைவிடக் குறைந்ததல்ல.

அந்த மூதாட்டி இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறார். மணலின் மேல் கட்டிய மதியீனன் அவரல்லர். ஆண்டவரின் வார்த்தையைக் கேட்டு நடப்பதே கல்லின் மேல் கட்டுவது என்றால், சகோதரனுக்குக் கல்லைத் தேடிக் கொடுப்பதும் அந்த வார்த்தைக்குள் அடங்கியதே. அடுத்த மழைக்கு முன், செவப்பில்லாத ஓரிடத்தை அவருக்கென்று கீறி வைக்கக்கூடிய ஒருவர் இந்தப் பத்திரிகையை வாசித்துக்கொண்டிருக்கலாம். அவர் யாராயிருந்தாலும், அவருக்கு இப்போது தெரிந்துவிட்டது.